தேரிக்காட்டிலிருந்து டோர்ணக்கல்லுக்கு

முருகனைப் பார்க்க வந்த கூட்டம் திருச்செந்தூர் பேருந்து நிலையத்தை நிறைத்துக்கொண்டிருந்தது. பரமன்குறிச்சி வழியாக மேற்கே போகும் பஸ்ஸில் மட்டும் ஜன்னலோரம் தாராளமாக இடம் இருந்தது. ஊரைத் தாண்டிச் சிறிது தூரம் போனதும் மண் சிவக்கத் தொடங்கிவிடுகிறது. தேரி. மேல்காற்று அடிக்கும் மாதங்களில் இந்த மணல் எழுந்து பறந்து வேறிடத்தில் மேடாகும். பனை, உடைமரம், அங்கங்கே முருங்கைத் தோட்டம். இந்தச் செம்மணல் காட்டில் கிறிஸ்தவ ஊர்களுக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. பனைகளுக்கு மேலே கோபுரம் தெரியும். மெஞ்ஞானபுரம் தூய பவுல் ஆலயக் கோபுரம் 192 அடி. வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த ஜான் தாமஸ் என்ற மிஷனரி இந்த மணலில் கிணறு வெட்டி, மரம் வைத்து, ஊர் அமைத்து, கோபுரத்தையும் எழுப்பிவிட்டு 1870-ல் காலமானார். முதலூர்க் கோபுரமும் ஏறக்குறைய இதே உயரம். எது உசரம் என்று இரண்டு ஊர்க்காரர்கள் பஸ்ஸில் பேச ஆரம்பித்தால் நாகர்கோவில் வரை பேச்சு ஓயாது.

நான் வந்தது கோபுரம் பார்க்க அல்ல. மெஞ்ஞானபுரத்துக்கு அதிக தூரமில்லாத வெள்ளாளன்விளை என்ற சிற்றூரில், 1874-ல், ஒரு கிராம குருவானவரின் வீட்டில் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. இந்தியர்களில் முதல் ஆங்கிலிக்கன் பேராயர். பாடப்புத்தக வரியாக இதை நெல்லைச் சீமையின் திருச்சபைப் பள்ளிகளில் படித்தவர்கள் எல்லோரும் ஒப்பிப்பார்கள். எனக்கு அந்தப் பதவியைவிட வேறொன்றில்தான் ஆர்வம். ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், நிஜாமின் ராஜ்ஜியத்தில், தனக்குத் தெரியாத மொழி பேசிய ஏழை ஜனங்களிடம் போய் வாழ்ந்து, அங்கேயே செத்தும் போனார். இந்த முனையில் தொடங்கி அந்த முனைவரை போய்ப் பார்ப்பது என்று கிளம்பினேன்.

நான் வளர்ந்த ஊரில் சுவிசேஷம் சொல்லுவது என்றால் சந்தை நாளில் ஒரு வேன் வந்து நிற்பது. கூரைமேல் ஒலிபெருக்கி. இரண்டு பாட்டு, ஒரு சாட்சி, ஒரு பிரசங்கம், போகிறவர் வருகிறவர் கையில் ஒரு கைப்பிரதி. பேசுகிறவர் யார் முகத்தையும் பார்க்கமாட்டார். கேட்கிறவர்களும் கடலைப் பொட்டலத்தோடு நகர்ந்துவிடுவார்கள். தான் நம்புவதை அடுத்தவரிடம் சொல்ல எவருக்கும் உரிமை உண்டு, அதில் எனக்குச் சண்டையில்லை. சொன்னவர் சொல்லி முடித்தபின் எங்கே உட்காருகிறார், யார் வீட்டில் சாப்பிடுகிறார் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

வெள்ளாளன்விளையில் இறங்கியபோது உச்சி வெயில். கோயில் கதவு பூட்டியிருந்தது. (இந்தப் பக்கம் சர்ச் என்று யாரும் சொல்வதில்லை, கோயில்தான். குருவானவர் ஐயர்.) எதிர்த்த வீட்டுத் திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஆச்சி, “எங்கேருந்து வாரிய? ஐயரைப் பாக்கணுமா? அவுஹ மெஞ்ஞானபுரம் போயிருக்காஹ” என்றார். அசரியா பிறந்த ஊரைப் பார்க்க வந்தேன் என்றதும் கீரைச் சுளகைத் தள்ளி வைத்துவிட்டு, உட்காரச் சொல்லி, செம்பில் தண்ணீர் தந்தார். அசரியாவைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியவில்லை. தெரிந்தது அரிசி.

“எங்கம்மைக்க காலத்துல உல வைக்கும்போது ஒரு பிடி அரிசிய எடுத்துத் தனிப் பானையில போட்டுருவா. அன்னைக்கு வீட்டுல எவ்வளவு அரிசி இருந்தாலும் சரி, அந்தப் பிடி உண்டும். ஞாயித்துக்கெழம அதக் கோயிலுக்குக் கொண்டு போவணும். நாங்க பிள்ளைய, பசிக்கில்லா செய்யும். அது யாருக்கும்மான்னு கேட்டா, தெலுங்கு நாட்டுக்குட்டீன்னு சொல்லுவா. தெலுங்கு நாடு எங்க இருக்குன்னு அவளுக்குந் தெரியாது.”

பனையேறியின் வீடு. பதநீர் இறங்கும் மாதங்களில் கருப்பட்டி, மற்ற மாதங்களில் கடன். அந்த வீட்டுப் பானையில் இருந்து கையளவு அரிசி, வரைபடத்தில் கூடப் பார்த்திராத ஊருக்குப் போயிருக்கிறது. மிஷனரி வரலாறுகளில் சீமையிலிருந்து வந்த பவுன்களின் கணக்கு விரிவாக இருக்கும். இந்தப் பிடி அரிசிக்கு அவ்வளவு பக்கங்கள் ஒதுக்கியவர்கள் குறைவு.

அசரியாவின் தகப்பனார் தாமஸ் வேதநாயகம், மிஷன் பள்ளிக்குப் படிக்கப் போன இடத்தில் கிறிஸ்தவரானவர்; ஜான் தாமஸின் பெயரில் பாதியைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். தாயார் எல்லன், ஒரு மகளுக்குப் பிறகு பதிமூன்று ஆண்டுகள் காத்திருந்து பெற்ற பிள்ளை என்பதால் சாமுவேல் என்று பெயரிட்டார். வேதாகமத்தில் அன்னாள் அப்படித்தான் காத்திருந்து பெற்று, பிள்ளையைக் கடவுளுக்கே கொடுத்தாள். மெஞ்ஞானபுரத்தில் விடுதி வாழ்க்கை, பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம். கடைசித் தேர்வு சமயத்தில் உடம்பு சரியில்லாமல் போக, பட்டம் வாங்கவில்லை. ஒய்.எம்.சி.ஏ.-வில் செயலாளர் வேலை. தென்னிந்தியா முழுக்கச் சுற்றும் வேலை. 1898-ல் அன்பு மாரியம்மாளை, அந்தக் காலத்தில் கல்லூரிப் படியேறிய மிகச் சில தமிழ்க் கிறிஸ்தவப் பெண்களில் ஒருவரை, சீதனம் வாங்காமல் மணந்தார். எங்கள் பக்கத்தில் இந்த ஒரு காரியத்தில் மட்டும் அவரைப் பின்பற்றியவர்கள் மிகக் குறைவு.

1902-ல் அவர் யாழ்ப்பாணம் போனார். அங்கே அமெரிக்க மிஷன் பள்ளிகளில் படித்த தமிழ் இளைஞர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு, கடல் தாண்டி இந்தியக் கரையில் தொண்டிக்கு ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இதைப் பார்த்தவருக்கு உறுத்தியது. திருநெல்வேலியில் நூறாண்டுக்கு மேலாகக் கிறிஸ்தவம் இருக்கிறது. 1778-ல் பாளையங்கோட்டையில் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா என்ற பிராமண விதவை தொடங்கி, ரேனியஸ், கால்டுவெல் என்று எத்தனையோ பேருடைய உழைப்பில் பள்ளியும் கோயிலும் ஆஸ்பத்திரியும் வந்துவிட்டன. ஆனால் வாங்கிக்கொண்டே இருக்கிறோம். இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு, 1903 பிப்ரவரி 12 அன்று, பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. ஆட்கள் இந்தியர், பணம் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது. வெள்ளைக்காரர்கள் ஜெபிக்கலாம். 1904-ல் முதல் மிஷனரியாக சாமுவேல் பாக்கியநாதன் தெலுங்கு நாட்டுக்குப் புறப்பட்டுப் போனார்.

இந்த இடத்தில் இன்னொருவரையும் சொல்லவேண்டும். வெள்ளாளன்விளையிலிருந்து நாசரேத் பக்கம் போனால் பிரகாசபுரம் வரும். 1857-ல் அங்கே அருமைநாயகம் சட்டம்பிள்ளை என்ற உபதேசியார், மிஷனரிகளோடு முறித்துக்கொண்டு தனிச் சபையே கண்டவர். ஓய்வுநாள் சனிக்கிழமை, வழிபாட்டில் பழைய ஏற்பாட்டு முறைமைகள், வெள்ளைக்காரர் வாடையே கூடாது. சட்டம்பிள்ளை பிறந்த சாணார் சமூகத்தைப் பற்றி கால்டுவெல் 1849-ல் எழுதிய ஆங்கில நூல் அந்த ஜனங்களுக்குத் தந்த காயமும் அந்தக் கோபத்தில் சேர்ந்துகொண்டது. எங்களுக்கு நல்லது சொல்ல வந்தவர் எங்களை ஏன் இப்படிக் கீழாக எழுதுகிறார் என்ற கேள்விக்கு மிஷனரிகளிடம் நேர்மையான பதில் இல்லை. சட்டம்பிள்ளை வெளியே போய்ச் சத்தம் போட்டதை, இரண்டு தலைமுறைக்குப் பின் அசரியா உள்ளே நின்று நிதானமாகச் சொன்னார் என்பது என் எண்ணம். சட்டம்பிள்ளையைச் சபை வரலாற்றின் கிறுக்கராக மட்டும் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

சென்னையில் ரயில் மாறி, இரவெல்லாம் ஆந்திரக் கடற்கரையோரம் ஓடி, விடியும்போது விஜயவாடா. கிருஷ்ணை நதியில் தண்ணீர் குறைவாக இருந்தது. கம்மம் வந்ததும் ஜன்னல் வழியாகவே மிளகாய் நெடி ஏறியது. அறுவடைக் காலம், வயல்களில் களம் அமைத்து மிளகாயைச் சிவப்பாகப் பரப்பியிருந்தார்கள். பாபடபள்ளி, பிறகு டோர்ணக்கல். காசிப்பேட்டை நோக்கிப் போகும் பிரதான பாதையிலிருந்து, கொத்தகூடம் நிலக்கரிப் பகுதிக்குக் கிளை பிரியும் சந்திப்பு. நடைமேடையை ஒட்டி நிலக்கரி வேகன்கள் நீளமாக நின்றன. இறங்கியவர்கள் சொற்பம். அவர்களிலும் பாதிப்பேர் வேறு ரயிலுக்குக் காத்திருக்கிறவர்கள்.

அசரியா 1909-ல் மனைவி மக்களோடு இங்கே குடிவந்தபோது ஊர் என்று சொல்லப் பெரிதாக எதுவும் இல்லை. கூடாரத்தில் தங்கி, மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகப் போனார்கள். முப்பத்தைந்து வயதில் தெலுங்கு எழுத்துக் கூட்டினார். அடுத்த ஆண்டு, 1910 ஜூன், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. ஆயிரத்து இருநூறு பிரதிநிதிகள். அவர்களில் ஆசியர்கள் இருபது பேருக்கும் குறைவு. அசரியாவுக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, வெளிநாட்டு ஊழியருக்கும் உள்நாட்டு ஊழியருக்கும் இடையேயான ஒத்துழைப்பு. மேடையேறி, எங்கள் நாட்டில் வேலை செய்யும் மிஷனரிகளில் பலர், தம்மோடு உழைக்கும் இந்தியரைச் சாப்பிட வீட்டுக்கு அழைப்பதில்லை என்ற உண்மையை அவர்கள் முகத்துக்கு நேராகச் சொன்னார். நீங்கள் உங்கள் உடைமையை ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், உடலைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், எங்களுக்கு வேண்டியது நட்பு என்று முடித்தார். சபையில் சிலர் முகம் சிவந்ததாகவும், மேடைக்குப் பின்னால் கண்டனம் எழுந்ததாகவும் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பேச்சை இப்போது உலகமெங்கும் இறையியல் கல்லூரிகளில் பாடமாகப் படிக்கிறார்கள். அன்று பேசியவர் கூடாரத்தில் குடித்தனம் நடத்திய, தெலுங்கு முழுதாக வராத ஒரு தமிழர் என்பதைச் சேர்த்துப் படித்தால்தான் அதன் காரம் தெரியும். வெள்ளைக்காரன் உனக்குச் செய்யாததை நீ தெலுங்கனுக்குச் செய்கிறாயா என்று யாராவது திருப்பிக் கேட்டால், அவர் பதில் சொல்லவேண்டிய இடத்தில் நின்றார்.

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் கத்தீட்ரலில் பேராயராக அபிஷேகம் பெற்றார். டோர்ணக்கல் அவருடைய பேராயம் ஆனது.

ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோவில் போனேன். வளாகத்துக்குள் மரங்கள், பள்ளிக்கூடம், விடுதிகள். அவற்றுக்கு நடுவே எப்பிபனி கத்தீட்ரல். மெஞ்ஞானபுரத்துக் கூர்கோபுரத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது முதலில் திகைப்பாக இருக்கிறது. மசூதியில் காண்பது போன்ற குவிமாடங்கள், மினார்கள். உள்ளே போனால் கோயில் மண்டபத்துத் தூண்கள், அவற்றில் தாமரை. எல்லாவற்றுக்கும் மேலே சிலுவை. நிஜாமின் ராஜ்ஜியத்தில், தெலுங்குக் கிராமங்களின் நடுவில், இந்த மண்ணில் ஏற்கெனவே இருக்கிற எல்லாக் கைவேலையையும் கடவுளிடம் கொண்டுவரலாம் என்று அவர் நினைத்திருக்கவேண்டும். பணம் இல்லாமல், இடையில் யுத்தம் வந்து, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இழுத்து, 1939 ஜனவரியில் பிரதிஷ்டை ஆனது. அழகு என்று பார்த்தால் எனக்கு மெஞ்ஞானபுரம்தான். ஆனால் மெஞ்ஞானபுரம் கோபுரத்தை எந்தத் தமிழ்நாட்டுக் கட்டடத்தோடும் சேர்த்துப் பார்க்க முடியாது. இதைத் தெலங்கானா தன் கட்டடம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

காலை ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். எனக்குத் தெலுங்கு தெரியாது, சிரித்தேன். சுங்கடிச் சேலை கட்டிய, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், “தமிழா?” என்று கேட்டார். சென்னையில் பயிற்சிப் பள்ளியில் படித்தவராம். பழைய தமிழ், இடையிடையே தெலுங்கு. டீச்சர் என்றே அவரை எல்லோரும் அழைத்தார்கள். நெல்லையிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும், “தண்ட்ரிகாரு ஊரா!” என்று பக்கத்தில் நின்றவர்களிடம் தெலுங்கில் அறிவித்தார். தண்ட்ரிகாரு என்றால் அப்பா அவர்கள். பேராயரை அந்தக் காலத்து ஜனங்கள் அப்படித்தான் அழைத்தார்களாம்.

கத்தீட்ரல் நிழலில் உட்கார்ந்து அவர் சொன்னவற்றில் பெரும்பகுதி நான் புத்தகத்தில் படித்ததுதான். அவர் சொன்னபோது வேறு மாதிரி இருந்தது. ஏனென்றால் அவருடைய தாத்தா அந்த ஜனங்களில் ஒருவர். மாலா, மாதிகா என்ற இரண்டு தாழ்த்தப்பட்ட சாதிகள். மேல்சாதி இருவரையும் ஊருக்கு வெளியே வைத்தது, மாலா மாதிகாவைத் தன் கிணற்றுக்கு வெளியே வைத்தான். அசரியா ஒரு கிராமத்தில் ஞானஸ்நானம் கொடுக்கும்முன் மாதக்கணக்கில் உபதேசியாரை அனுப்பி வேதபாடம் சொல்லவைப்பார். சாராயம் விடவேண்டும். செத்த மாட்டின் மாமிசம் விடவேண்டும். இரண்டு சாதியும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்கவேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையில் பல கிராமங்கள் பல வருஷம் முரண்டு பிடித்தன.

ஞானஸ்நானம் எடுத்தவர்கள், தண்ணீர் காயாத தலைமேல் தங்கள் கையை வைத்து, இந்தச் செய்தியை நான் பிறருக்குச் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்று பவுலின் வார்த்தையின் பொருளில் உறுதி கூறவேண்டும் என்பதும் அசரியாவின் ஏற்பாடு. டீச்சர் தன் தலையில் கை வைத்து எனக்குக் காட்டினார். எழுத்து தெரியாதவர், நிலம் இல்லாதவர், நேற்றுவரை பிறர் வாசல் மிதிக்கக்கூடாதவர். அவர் தலையில் இந்தப் பொறுப்பு. வெள்ளைக்கார மிஷனரிகளுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியிருக்கலாம். முதலில் படிக்கட்டும், பிறகு பிரசங்கிக்கட்டும் என்பதே எங்கும் வழக்கம். ஆனால் அந்தக் கூலிக்காரரின் பிரசங்கம் அவர் வாயில் இல்லை. குடிக்காமல் வேலைக்கு வருகிறான், பெண்டாட்டியை அடிப்பதில்லை, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறான். இவனுக்கு என்ன ஆயிற்று என்று நிலக்காரர்கள் விசாரிக்கத் தொடங்கினார்கள். 1930-களில் சாதி இந்துக்களில் சிலரும் சபைக்கு வந்தது இந்த விசாரணையின் முடிவில்தான். கோலாட்டமும் பஜனையும் தெலுங்குக் கீர்த்தனைகளும் அவரே விரும்பி உள்ளே கொண்டுவந்தவை. அசரியா காலமானபோது பேராயத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கிறிஸ்தவர்கள்.

எண்ணிக்கை இப்படிப் பெருகிவந்ததுதான் காந்தியை உறுத்தியது. ஏழைகளைக் கூட்டம் கூட்டமாக மதம் மாற்றுவதை ‘ஹரிஜன்’ இதழில் கடுமையாக எழுதினார். அவர்களுக்கு ஆத்ம சோதனை செய்து மதம் தேர்ந்தெடுக்கும் பக்குவம் இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம். எனக்குக் காந்தி மேல் உள்ள மதிப்பு குறையாமலே சொல்கிறேன், இந்த விஷயத்தில் டீச்சருடைய தாத்தா பக்கம்தான் நான். யார் கிணற்றில் தண்ணீர் எடுக்கலாம் என்று தீர்மானிக்க முடியாதவனுக்கு, யாரைக் கும்பிடலாம் என்று தீர்மானிக்கவாவது தெரியும் என்று ஒப்புக்கொள்ளவேண்டும். அதே அசரியா, கிறிஸ்தவர்களுக்கென்று தனித் தொகுதி வேண்டாம் என்று எதிர்த்து நின்றார் என்பதையும் மறக்கக்கூடாது. தலை எண்ணி அதிகாரம் கேட்க அவர் ஆள் சேர்க்கவில்லை.

அவரை மடக்கியவர் அம்பேத்கர். இந்து மதத்தை விட்டு வெளியேறப்போவதாக 1935-ல் அறிவித்தவர், எங்கள் ஜனங்கள் கிறிஸ்தவராக வந்தால் எல்லா இடத்திலும் ஒரே சபையாக இருப்பார்களா என்று கேட்டதாகவும், அசரியா ஆம் என்று சொல்லமுடியாமல் வெட்கப்பட்டுத் திரும்பியதாகவும் பேராயரின் வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், லுத்தரன் என்று சீமைச் சண்டைகளெல்லாம் இங்கே தனித்தனிக் கோயில்களாக நின்றன. 1919-ல் தரங்கம்பாடியில் கூடிச் சபை ஐக்கியத்துக்கு முதல் அறிக்கை எழுதியவர்களில் அசரியா முன்னின்றவர். தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது 1947 செப்டம்பர் 27. அவர் 1945 ஜனவரி 1 அன்றே டோர்ணக்கல்லில் காலமாகிவிட்டார்.

பகல் சாப்பாடு டீச்சர் வீட்டில். கோங்கூரா, கோழிக்குழம்பு, நான் வேண்டாம் என்ற பிறகும் விழுந்த நெய். சாப்பாட்டுக்கு நடுவில் கேட்டார், “உங்க ஊர்ல கோயில்ல எல்லாரும் ஒரே பந்தியா?”

அசனப் பண்டிகையைச் சொன்னேன். பெரிய அண்டாக்களில் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும், ஊரே வரிசையில் உட்காரும், பக்கத்து ஊர் இந்துக்களும் வந்து சாப்பிடுவார்கள், யாரும் யாரையும் எந்தச் சாதி என்று கேட்பதில்லை.

“கல்யாணம்?”

திருச்சபைப் பத்திரிகைகளின் மணமக்கள் பகுதியில் சாதிப் பெயர் முதல் வரியிலேயே இருக்கும் என்றேன். பேராய நிர்வாகத் தேர்தலில் சாதிக் கணக்கு எப்படி ஓடும் என்பதையும் சொன்னேன். டீச்சர் சிரித்தார். “இங்கயும் மாலா, மாதிகா அப்படித்தான். நற்கருணை ஒண்ணு. சம்பந்தம் வேற. தண்ட்ரிகாரு பாதி வேலை முடிச்சிட்டுப் போயிட்டாரு.”

மாலையில், வருகிறீர்களா என்று என்னையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டார். டோர்ணக்கல்லைச் சுற்றி லம்பாடி மக்களின் தண்டாக்கள் நிறைய உண்டு. ஓய்வுபெற்றபின் அவற்றில் ஒன்றுக்கு ஞாயிறுதோறும் போகிறாராம். வயதான காலத்தில் லம்பாடி மொழி கற்றுக்கொண்டது வீட்டில் பெரிய கேலி. வேதாகமம், கைப்பிரதி எதுவும் கையில் இல்லை. ஒரு பிளாஸ்டிக் பையில் பேனா, வெள்ளைத்தாள், மூக்குக்கண்ணாடி. பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருவது முதல் வேலை.

“இயேசுவைப் பத்திச் சொல்வீங்களா?” என்று வழியில் கேட்டேன்.

“முதல் ரெண்டு வருஷம் நான் எதுவும் சொல்லல. அப்புறம் அவங்களே கேட்டாங்க, நீ ஏன் வர்றேன்னு. அப்போ சொன்னேன். சிலபேர் கேட்டாங்க, சிலபேர் சரின்னு எழுந்து மாட்டைப் பார்க்கப் போயிட்டாங்க. அவங்க பிள்ளைக்கும் கணக்குச் சொல்லித் தர்றேன்.”

தண்டாவில் எங்களுக்குக் கயிற்றுக்கட்டில் போட்டார்கள். சோள ரொட்டியும் மிளகாய்த் துவையலும் வந்தன. டீச்சர் அந்த வீட்டுக்காரியின் தட்டிலிருந்தே பிய்த்துச் சாப்பிட்டார். அவர் பேசிய லம்பாடியைக் கேட்டு இரண்டு பெண்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்; ஒருத்தி திருத்தினாள், டீச்சர் திரும்பச் சொன்னார், மறுபடி சிரிப்பு. கை நிறைய வளையல்கள் அணிந்த ஒரு கிழவி, இவர் யார் என்று என்னைக் காட்டிக் கேட்டார். அசரியா ஊர்க்காரர் என்று டீச்சர் சொன்னார். அது யார் என்றார் கிழவி. எங்களுக்குப் படிப்புச் சொல்லக் காரணமாக இருந்தவர் என்று சொல்லிவிட்டு, டீச்சர் பையிலிருந்து அரசாங்க விண்ணப்பத்தாளை எடுத்தார். ஆசரா முதியோர் பென்ஷனுக்கான தாள். ஒவ்வொரு வரியாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்து, வயது என்ன எழுத என்று கேட்டார்.

கிழவி ஐம்பது என்றார்.

ஐம்பது என்று எழுதினால் பென்ஷன் வராது என்று டீச்சர் விளக்கினார். கிழவி அசையவில்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த அவர் மகன் எழுந்து உட்கார்ந்து, எனக்கே ஐம்பத்திரண்டு என்றான். அதற்கும் கிழவியிடம் பதில் இருந்தது. அதை டீச்சர் எனக்கு மொழிபெயர்க்க மறுத்துவிட்டார்.